பெயர் வெட்டிய தட்டு

தொலைக்காட்சியில் நீல வெளிச்சத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. தாலி கட்டும் நேரத்தில் யாராவது அத்தை குறுக்கே வந்து மறைத்துவிட்டால், "மாப்ளே, இன்னொரு மட்டம் முடிச்சுல கைய வைங்க" என்று கேட்டு, அதை எடுத்துச் சேர்த்துவிடுவேன். அழாத பெண்ணை அழவைக்க ஒரு வயலின் போதும். ஆகவே டிவிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செல்போன் விளையாட்டுக்கு அடிமையான பிள்ளைகள் என்று நிகழ்ச்சி போடுகிறார்களே, எல்லாவற்றிலும் ஒரே பையன்தான். இருட்டு அறை, முகத்தில் நீலம், கண்ணுக்குக் கீழே மை. போனுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் கழுத்தைப் பிடிக்கும். ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் 'சித்தரிக்கப்பட்டது' என்று கிடக்கும். அதைப் படிக்க என் அக்காவுக்குக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியோ எப்போதும் அடுக்களையில் இருக்கும். நடுவில் விளம்பரம் வரும்: எவ்வளவு நேரம் கேம் ஆடினாலும் சூடேறாத புதுப் போன். கொள்ளையில போவான்களா, என்று நான் வாய்விட்டே திட்டுவேன்.

அக்காவுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. ஆழ்வார்குறிச்சி வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான்; அத்தான் துபாயில். மகள், அதாவது என் மருமகள், பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துக் காத்திருந்தாள். ஹாஸ்டலுக்கு விடுவதா வேண்டாமா என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. அக்கா அரை மனதாகச் சரி சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளைக்கோ வேறு நினைப்பே இல்லை. புதுப் பெட்டியில் துணியை அடுக்குவதும், எடுப்பதும், மறுபடி அடுக்குவதுமாக இருந்தாள்.

அவள் ஆடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆடுவாள். கூடப் படித்த பிள்ளைகளோடு கூட்டுச் சேர்ந்து சுடுகிற விளையாட்டு. தட்டில் சோறு காய்ந்துபோகும். கூப்பிட்டால் "இந்தா வாரேம்மா" என்பாள், வர மாட்டாள். ஆனால் இருட்டறையில் இல்லை. பட்டப்பகலில், கூடத்தில், ஃபேனுக்குக் கீழே. சார்ஜர் வயர் குட்டை, அதைவிட்டு நகர முடியாது. பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ஏட்டி, இப்ப யாரச் சுட்ட?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அந்த நிகழ்ச்சியின் முடிவில், 'உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை உண்டா? எங்களை அழையுங்கள்' என்று ஒரு நம்பர் ஓடியது. வெள்ளைக்கோட்டு போட்ட ஒரு டாக்டர் அதில் வந்து பேசுவார். அவரே வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுவார், அப்புறம் தைரியமாக ஹாஸ்டலுக்கு அனுப்பலாம் என்று அக்கா நினைத்துவிட்டாள். போனைப் போட்டாள். டாக்டர் வரவில்லை, கேமராதான் வந்தது.

"ஏலே, நீ வந்து கூட நில்லு. நீயும் இந்தத் தொழில்தான பாக்க" என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், வீடு விசேஷ வீடாக இருந்தது. வாசலில் பெரிய கோலம், கட்டிலில் புது விரிப்பு, வந்தவர்களுக்குக் கேசரி. நிருபர் தம்பி ரொம்ப மரியாதையான ஆள். முகத்தைக் காட்ட மாட்டோம், பேரைச் சொல்ல மாட்டோம், ஊரைச் சொல்ல மாட்டோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். அந்த மரியாதையே எனக்குச் சரியாகப் படவில்லை.

"வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கு சார்" என்றான். ஜன்னல்களைச் சாத்தினார்கள். இடைவெளியில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். விளக்கின்மேல் நீலத்தாள் ஏறியது. மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து நடக்கிற பாட்டுக்கு நான் போடுகிற அதே தாள்தான்.

"அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க. நீ கோபத்துல தட்டைத் தூக்கி எறியணும். சரியாம்மா?"

"நான் தட்டெல்லாம் எறிஞ்சதே இல்லையே" என்றாள் மருமகள்.

"சும்மா நடிப்புதாம்மா. நாலு பிள்ளைங்க பார்த்துத் திருந்துவாங்க."

அக்கா தட்டு எடுக்கப் போனாள். டிவியில் வரப்போகிற தட்டு. தினம் சாப்பிடுகிற நெளிந்த தட்டையா கொடுப்பாள்? பீரோவைத் திறந்து புதுத் தட்டை எடுத்து, முந்தானையால் பளபளவென்று துடைத்துக் கொடுத்தாள். பிள்ளை பெரியவளானபோது தாய்மாமன் சீராக நான் கொண்டுபோய் வைத்த எவர்சில்வர் தட்டு. பெயர் வெட்டாமல் சீர்ப் பாத்திரம் கொடுத்தால் எங்கள் பக்கம் மானம் போய்விடும். அவள் பெயர், கீழே என் பெயர், அதற்கும் கீழே ஊர், எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"தம்பி, தட்டைக் கிட்டத்துல எடுத்துராதீக. பேரு கெடக்கு" என்றேன்.

"தெரியும் சார். தூரத்துல இருந்துதான் எடுப்போம்."

முதல் தடவை எறிந்ததும் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் சிரிப்பு. "ஏட்டி, பைய எறி. தரை ஒடைஞ்சிரப் போவுது." இன்னும் கோபமா, இன்னும் கோபமா என்று அந்தத் தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். தட்டின் விளிம்பு நெளிந்த பிறகுதான் அவனுக்குத் திருப்தி வந்தது. அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

நிகழ்ச்சி வந்த அன்றைக்கும் நான் போயிருந்தேன். மருமகளின் முகம் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிந்தது. பேய்ப்படத்துக்குப் போடுகிற இசை. கை ஓங்கியது. தட்டு பறந்தது, விழுந்தது, சுழன்றது. கேமரா மெதுவாக அதன் பக்கத்தில் போய், திரை நிறையத் தட்டைக் காட்டியது. அவள் பெயர், என் பெயர், ஊர். அம்பாசமுத்திரம் வட்டாரம் முழுக்க உட்கார்ந்து வாசிக்கலாம்.

"திருட்டு மூதி!" என்று நான் எழுந்தே விட்டேன். நிகழ்ச்சி முடிவதற்குள் சொந்தக்காரர்களின் போன் வர ஆரம்பித்தது. துபாயிலிருந்து அத்தான் பேசினார். "குலசை தசராவுக்குக் காளி வேசம் போட நான் எத்தன நாளு மாலை போட்டு வெரதம் இருந்தேன் மாப்ளே. எம்பிள்ளைக்கு ஒரு மத்தியானத்துல வேசத்தப் போட்டுட்டானுவளே!" நிருபர் தம்பிக்கு நான் போன் செய்தேன், எடுக்கவில்லை.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதெல்லாம் இல்லை. அக்கா அழுதுகொண்டிருந்தாள். பெயர் வெளியே தெரிந்துவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

"ஏலே, இப்படியால இருக்கா எம்பிள்ளை? எப்படிக் கோவம் வருது பாத்தியா? இதக் கண்ணால பாத்த பெறவு நான் எப்படிலே தனியா விடுவேன்?"

"எக்கா, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? அந்தத் தட்டை எடுத்துக் குடுத்ததே நீதான். கேசரி கிண்டுனதும் நீதான். அங்கன நின்னு சிரிச்சியே!"

"அது எடுக்கும்போதுல்லா. டிவில பாக்கும்போதுதான தெரியுது" என்றாள்.

'எம்மவ அன்னைக்கு இவ்வளவு அழுதாளா, எனக்குத் தெரியாமப் போச்சே' என்று கல்யாண வீடியோவைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயலின் நான் போட்டது.

கோயம்புத்தூர் வேண்டாம், பக்கத்திலேயே ஏதாவது கல்லூரி போதும் என்று முடிவாயிற்று. போன் பீரோவுக்குள் போயிற்று. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், அக்கா காதில் ஏறவில்லை. மருமகள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். போன் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன்; மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். நெளிந்துபோனதால் அந்தச் சீர்த்தட்டு தினசரித் தட்டாகிவிட்டிருந்தது. அக்கா அதில் சோறு போட்டு சொதியை ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். மருமகள் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, தின்னு. அந்தப் போன் நெனப்புலயே கெடக்கு சவம்" என்றாள் அக்கா.

மருமகள் எழுந்தாள். சோற்றோடு தட்டைத் தூக்கி எறிந்தாள். சொதி சுவரில் வழிந்தது. தட்டு சுழன்று சுழன்று என் காலடியில் வந்து நின்றது.

"பாத்தியாலே! டிவில காட்டுனது பொய்யின்னு சொன்னியே, இப்ப பாத்தியா!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மருமகள் அழவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்:

"மாமா, இந்தத் தடவ சரியா எறிஞ்சனா?"