எதிர்வீட்டில் என் ரோஜாத் தட்டு

தீபாவளியன்று எதிர்வீட்டு பாய் குடும்பத்துக்கு அதிரசம் கொடுத்துவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். எதில் வைத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "கைக்கு வந்த தட்டுல" என்றார். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன்; என் ரோஜாத் தட்டைக் காணோம்.

கைக்கு வந்த தட்டாம்! ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் இளஞ்சிவப்பு ரோஜாக் கொத்து. அந்த டிசைனைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. எங்கள் ஊரிலிருந்து பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பழைய பீங்கான் வரும். அதைக் கிளறிக் கிளறி சாஸர், கிண்ணம், சூப் தட்டு என்று சேர்த்திருக்கிறேன். பரிமாறுகிற நீளத் தட்டு மட்டும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. உடைந்தால் போச்சு.

"போய் வாங்கிட்டு வாங்க."

"நல்லா இருக்கே! தட்டைக் குடுன்னு எப்படிக் கேக்கறது?"

அதுவும் நியாயம்தான். எங்கள் மூலக்குளத்துத் தெருவில் பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்ப மாட்டார்கள். அவர்கள் வீட்டில் ஏதாவது விசேஷமாகச் செய்கிறவரை அது அங்கேயே கிடக்கும். தட்டு எங்கே என்று கேட்டால், பிரியாணி எப்போது தருவாய் என்று கேட்ட மாதிரி. மானம் போய்விடும்.

கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனியில் நின்று அவர்கள் சமையலறை ஜன்னலையே பார்ப்பேன். அங்கே ஏதாவது ணங்கென்று விழுந்தால் இங்கே எனக்கு உயிர் போகும். அந்த வீட்டில் வாலுப் பிள்ளைகள் வேறு. "பைத்தியம் பிடிச்சிருக்குடி உனக்கு" என்றார் இவர். பிடித்துத்தான் இருந்தது, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா தொழுகை முடிந்த நேரம், எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ஒரு கையில் டிபன் கேரியர். இன்னொரு கையில், துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி, தட்டு. வா என்றுகூடச் சொல்லாமல் துண்டைப் பிரித்தேன். கீறல் இல்லை. தங்கக் கோடு அப்படியே இருந்தது. அப்பாடா!

"வெறும் தட்டைத் தர்றேன்னு தப்பா நினைக்காதீங்கக்கா. பிரியாணி கேரியர்ல இருக்கு. இதுல வச்சா கரண்டி பட்டுக் கீறிடுமோன்னு பயந்துட்டேன். அன்னிலேர்ந்து பீரோ மேலதான் வச்சிருந்தேன், பசங்களை அந்த ரூம் பக்கமே விடல." கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதான் தினமும் எங்க கிச்சனையே பாத்துட்டு நிப்பீங்களே."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "உள்ள வாம்மா, உக்காரு" என்றேன்.

"இல்லக்கா. எதையாவது தட்டி விட்டுட்டா வம்பு" என்று வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டாள்.