பட்டது, மேம்!

கராத்தே சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் உலகம் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்காரரை அடிப்பீங்களா?" என்பதுதான். அடுத்தது, "ஓடு உடைப்பீங்களா?" இரண்டும் இல்லைங்க, பிள்ளைகளுக்குப் பணிவும் நேர்மையும் பழக்குகிறேன் என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். பிள்ளையை ஏதோ ஒரு வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு காத்திருக்கும் சக ஜீவன்களே, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

கணவரின் சாஃப்ட்வேர் வேலைக்காக ஈரோட்டிலிருந்து ஐதராபாத்துக்கு மூட்டை கட்டியவள் நான். செல்போனில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம். சைனிக்புரியில் ஒரு காலனிச் சங்கத்தின் ஹாலில் மாலை வகுப்பு நடத்தினேன். அதே ஹாலின் மேல் கம்ப்யூட்டர் கோர்ஸ் நடத்தும் ஒருவருக்கும் கண் இருந்தது. காலனிகளுக்கு இடையே நடக்கும் கராத்தே போட்டியில் என் பிள்ளைகள் கோப்பை வாங்கினால் ஹால் எனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு என்று கமிட்டி சொல்லிவிட்டது. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஹால் போனால் வகுப்பும் போச்சு.

டெலிவரி எப்போது?

கார்த்திகேயன் மதுரைக்காரர். மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். மகள் யாழினியைச் சேர்க்க வந்தபோது எங்கள் விதிகளைச் சொன்னேன். பெல்ட்டை அம்மா கட்டிவிடக் கூடாது. வகுப்புக்கு முன்னால் தரையைப் பிள்ளைகளேதான் கூட்ட வேண்டும். எதிரில் நிற்பவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லாமல் கை ஓங்கக் கூடாது.

யாழினி எல்லாவற்றுக்கும் "ஓகே மேம், சரே மேம்" என்றாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷிலோ தெலுங்கிலோ வரும் ஐதராபாத் பிள்ளை. அவள் அப்பாவும் பொறுப்பாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பரவாயில்லையே, இப்படி ஒரு பெற்றோரா என்று நான் மனம் குளிர்ந்த நேரத்தில் கேட்டார்: "எல்லாம் சரிங்க மேடம். பிளாக் பெல்ட் எப்ப டெலிவரி ஆகும்?"

முன்கூட்டியே ஒரு நேர்மை

எங்கள் வகுப்பில் சண்டைப் பயிற்சிக்கு நடுவர் கிடையாது. அடி யார் மேல் பட்டதோ அவரே கையைத் தூக்கி, "பட்டது, மேம்" என்று சொல்ல வேண்டும். அடித்தவர் வாயே திறக்கக் கூடாது. நம் உடம்புக்குத் தெரிந்த உண்மையை நம் வாய் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான் இதிலுள்ள தத்துவம். பெரியவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

பிடித்துக்கொண்டது கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பதுதான் சங்கடம். நான் பாராட்டுகிறேன் என்று தெரிந்ததும் யார் பெரிய அரிச்சந்திரன் என்று போட்டி ஆரம்பித்தது. காற்று பட்டதற்கெல்லாம் கைகள் உயர்ந்தன. முகிலன் என்று ஒரு பொடியன், யாழினி அவனுக்கு வணக்கம் சொல்லி நிமிர்வதற்குள் கையைத் தூக்கிவிட்டான். அவள் இன்னும் அடிக்கவே இல்லையேடா என்றேன். "ஆப்போசிட்ல யாழினி, மேம். எப்படியும் படும். அதான் முன்னாடியே தூக்கிட்டேன்" என்றான்.

வணக்கத்துக்கு உரியவர்

ஹால் சாவி ஸ்டீபன் அண்ணனிடம் இருக்கும். சங்கத்தின் செயலாளர் அவர்தான். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் பிள்ளைகள் உள்ளே நுழையும்போது பயிற்சி நடக்கும் இடத்துக்குக் குனிந்து வணக்கம் வைப்பது வழக்கம். அண்ணன் கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதனால் வணக்கமெல்லாம் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

முதலில் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு இஸ்திரி போட்ட சட்டையில் வர ஆரம்பித்தார். "நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமேங்கண்ணா" என்று ஒருநாள் சீண்டிப் பார்த்தேன். "நக்கோம்மா, அதெல்லாம் வேணாம்! பட்டாளம் பூரா நான்தான் எல்லாருக்கும் சலாம் அடிச்சேன். எனக்கு அடிக்க இப்பத்தான் ஆள் வந்திருக்கு" என்றார்.

இறுதிச் சுற்று

போட்டி உப்பல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. யாழினி இறுதிச் சுற்று வரை வந்துவிட்டாள். இரண்டு பேரும் சம நிலையில் இருந்தார்கள். கடைசிப் புள்ளி யாருக்கோ அவருக்கே கோப்பை. எதிரில் மல்லாபூரிலிருந்து வந்த ஒரு ஒல்லிப் பெண். இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். யாழினியின் உதை அந்தப் பெண்ணின் தோளில் பட்டது எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர் யாழினி பக்கம் கொடியைத் தூக்கினார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். மனசுக்குள் ஹாலுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டேன்.

யாழினி கையைத் தூக்கினாள். "பட்டது, மேம்." அவள் உதைப்பதற்கு ஒரு நொடி முன்பே அந்தப் பெண்ணின் குத்து இவள் விலாவில் விழுந்திருக்கிறது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அங்கே நடுவர்தான் தீர்ப்பு சொல்வார், கை தூக்கும் விதியெல்லாம் கிடையாது. ஆனால் பிள்ளைக்குப் பழக்கம் அதுதான். நடுவர்கள் அவளிடம் விசாரித்து, கூடிப் பேசி, புள்ளியை மல்லாபூர் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காருக்குப் போகும் வழியில் கார்த்திகேயன் என்னை நிறுத்திச் சொன்னார்: "மத்த கிளாஸ்ல ஜெயிக்கச் சொல்லித் தர்றாங்க மேடம். நீங்க தோக்குறதுக்கு டிரெய்னிங் குடுத்திருக்கீங்க."

ஒற்றைக் கை

கமிட்டி கூடியது. நான் வெளியே நின்றேன். உள்ளே கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினார்கள், பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். நேர்மையைப் பற்றி யாரும் பேசிய மாதிரி காதில் விழவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. மகனோ மகளோ அமெரிக்கா போக வேண்டும் என்று கனவு காணாத வீடு அன்றைக்கு அந்தக் காலனியில் ஏது?

ஸ்டீபன் அண்ணன் கடைசியாக வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பூட்டினார். பூட்டியதை இழுத்து இழுத்துப் பார்த்தார். "ஹவ்மா, ஆமாம்மா, போச்சு. எல்லாக் கையும் கம்ப்யூட்டருக்கு. உனக்கு என் ஒத்தக் கைதான்" என்றார்.

ஸ்பீக்கரில் அமெரிக்கா

இனி ஈரோட்டுக்காரியாகச் சமையலறையோடு இருந்துவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்த நேரத்தில் கார்த்திகேயன் வீடு தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் தயாராகவே நின்றேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு கதை சொன்னார்.

முந்தின நாள் காலையில் வீட்டிலிருந்தே அமெரிக்கக் கிளையண்டோடு ஸ்பீக்கர் போனில் பேசியிருக்கிறார். முடியாத வேலையைக் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடம் கிளம்பி வந்த யாழினி எதிரில் நின்று அவருடைய கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டிருக்கிறாள். தூக்கிய கையோடு மனுஷனுக்குப் பொய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். "அந்த ஆளு திட்டவே இல்லைங்க மேடம். 'இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே'ன்னு டைம் குடுத்துட்டான். எனக்குத்தான் என்னமோ மாதிரி ஆயிருச்சு" என்றார்.

காலி இடம்

மறுநாள் என்னைத் தன் அபார்ட்மெண்டுக்கு அழைத்துப்போய்க் கீழ்த்தளத்தைக் காட்டினார். கார் நிறுத்தும் இடம். தூணுக்குத் தூண் வெள்ளைக் கோடு போட்டு, வீட்டு எண் எழுதியிருந்தது. காற்று நன்றாக வந்தது. தரையில் அங்கங்கே ஆயில் கறை. என் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பை நினைத்து ஒரு கறையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தேன். ஆனால் யாழினியும் முகிலனும் அதற்குள் எங்கிருந்தோ துடைப்பம் கொண்டுவந்து கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கார்த்திகேயன் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரிடமும் பேசி முடித்திருந்தார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? குனிந்து வணக்கம் வைத்தேன். அவரும் பதறிப்போய்க் குனிந்தார்.

இருந்தாலும் எனக்கு ஒரு பயம். வகுப்பு நடுவில் யாராவது காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ராத்திரி எட்டு மணிக்கு முன்னாடி இங்க ஒரு காரும் வராது மேடம். வந்துச்சுன்னா அவனுக்கு வேலை போயிருச்சுன்னு அர்த்தம்."

ஆக மக்களே, ஐதராபாத்தில் அப்பாக்களைச் சாயங்காலம் வீட்டுக்கு விடாமல் கம்பெனிகள் பிடித்துவைத்திருக்கும் வரைக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்க எனக்கு இடப் பஞ்சமே வராது.