அண்ணன் வைக்காத தென்னை

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி அண்ணி இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. அண்ணன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. இன்றும் உண்டு.

அண்ணன் பிறந்தது ராமநாதபுரம் பக்கம், மழை எட்டிப்பார்க்காத ஊரில். குடியேற்றக் காலத்தில் எங்கள் இரு குடும்பமும் ஒரே கப்பலில் அந்தமானுக்கு வந்தோம். பெரார்கஞ்சில் அடுத்தடுத்து நிலம் கிடைத்தது. காட்டை வெட்டி, கட்டை பிடுங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு புதர்கூட விடாமல் எரித்துத் தென்னை வைத்தோம். அண்ணன் வயலுக்கு வேண்டியதை மட்டும் திருத்திக்கொண்டு, மேட்டுக் காட்டை அப்படியே விட்டுவிட்டார். சோம்பேறித்தனம் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

பிறகல்லவா தெரிந்தது! கூரை கட்டப் பிரம்பு வேண்டுமா, அண்ணன் மேட்டில். பந்தலுக்கு மூங்கிலா, அங்கேதான். பச்சைப் புறாக்கள் என் தோப்பைத் தாண்டிப் போய் அவர் அத்தி மரத்தில் இறங்கும். படாக் மரம் பூத்தால் மேடே மஞ்சளாகும். அதன் கிளையில் தானாக ஒட்டி வளர்ந்த செடி வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். பக்கத்து நிலத்து வங்காளிக்காரர், தாதா என்றுதான் கூப்பிடுவோம், என் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, "தீதி, சலோ, பாயிசாப் கா ஜங்கல் தேக்கேங்கே" என்று அண்ணன் காட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். பற்றிக்கொண்டு வராதா எனக்கு?

அந்த வெள்ளைப் பூச்செடியைப் பிய்த்து வந்து என் தென்னையில் கட்டினேன். வாடிப்போனது. அண்ணன் சிரித்தார்.

"ஏத்தா மூஞ்சியத் தூக்குற? நெனச்சப்ப வந்து பாத்துட்டுப் போ. நானும் பாக்கத்தான செய்றேன், நானா நட்டேன்?"

"எல்லாம் வச்சிருக்கீக, ஒரு தென்னைக்கு வக்கில்லையாக்கும்?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே. ஒரு காய் குடு" என்று கையை நீட்டுவார். முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பேன்.

நோயில் படுத்த பிறகும் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவளை ஒரு நாள் அப்படிப் பார்த்ததுண்டா? கடைசி வாரத்தில் அண்ணியிடம் சொன்னாராம்: "தென்னங்கன்னு வைக்க எடமா இல்ல? பிரம்புக்கும் மூங்கிலுக்கும் எங்கிட்டயே வந்து நிக்கிறா, ரோசக்காரி. நானும் அவ வாசல்ல போயி நிக்க ஒண்ணு வேணும்ல."

வீடு தேடி வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும், தோள் கொடுத்த தாதாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும், கப்பல் கிடைக்காமல் மெயின்லேண்டிலிருந்து தந்தி அனுப்பிய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனை எடுத்த அன்று மாலைக்குக் கட்டிய பூவெல்லாம் அவர் மேட்டிலிருந்தே வந்தது. அதிலும் எனக்கு ஆற்றாமைதான். பாடைக்குத் தென்னங்கீற்று மட்டும் அங்கே இல்லை. யாரும் வந்து நிற்குமுன் என் தோப்பில் பச்சை மட்டையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அண்ணன் கேட்காமல் நான் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.