ஒன்பதாம் நம்பர் மணி

சிவகாசி பஜாரில் பழைய லாட்ஜ் வைத்திருக்கும் முதலாளி பொய் சொல்கிறார். கட்டடத்தின் வரலாறு என்று வாசலில் புதுசாகக் கல்வெட்டு பதித்திருக்கிறார். மாடியில் ஆதியிலிருந்தே எட்டு அறைதானாம்.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதை நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

என் அண்ணன் இதே முதலாளியின் லைசென்ஸ் இல்லாத ஒரு ஷெட்டில் பட்டாசு மருந்து கலக்கிறவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஷெட் வெடித்தது. கருகிக் கிடந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் முதலாளியின் ஆட்கள் வேனில் ஏற்றி இந்த லாட்ஜ் மாடிக்குத் தூக்கிப் போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. பயந்து ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். மதினி இன்னும் பொட்டை அழிக்கவில்லை. அழவும் இல்லை.

போன மாசம் அங்கே பழைய வயரை உருவுகிற வேலை வந்தது. நான் யாருடைய தம்பி என்று அவர்களுக்குத் தெரியாது. மேனேஜர் மேஜைக்குப் பின்னால் ஒரு மணிப் பலகை. அறையில் பொத்தானை அமுக்கினால் இங்கே மணி அடித்து அந்த அறையின் நம்பர் விழும். அதில் ஒன்பது நம்பர் இருந்தது.

"அண்ணாச்சி, எட்டு ரூமுக்கு ஒன்பது நம்பர் எதுக்கு?"

"ஏலே, வயர உருவச் சொன்னா வரலாறு கேக்கான் பாரு!"

மெயினை அணைத்தேன். உச்சி வெயில் நேரம். மணி அடித்தது. ஒன்பது விழுந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், கரண்டு இல்லை.

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "வெளிய சொல்லிராதீக," என்றார். அதுவரை ஏலே என்றவர்.

ஒன்பதாம் நம்பரின் வயரைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினேன். எட்டாம் அறையைத் தாண்டி வெறும் சுவருக்குள் போனது. இழுத்தேன். உள்ளே இருந்து திருப்பி இழுத்தது. மெதுவாக, இரண்டு தடவை. நான் விட்டுவிட்டேன்.

மதினியிடம் சொன்னேன். "ஏன் விட்டீக?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் அழுதார்.

என் உள்ளங்கையில் வெள்ளிப் பவுடர் ஒட்டியிருந்தது, அண்ணன் வேலை முடிந்து வரும்போது கையில் இருக்குமே, அதே. எம்புட்டு சோப்புப் போட்டும் ரேகைக்குள் இன்னும் இருக்கிறது.

முதலாளி, அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் வந்து நில்லுங்கள். மதினியும் வருவார். பஜார் ஜனத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லுங்கள், அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறது?