உள்ளே விட்ட இரண்டு இஞ்சு

அந்தத் தையல் கடைக்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தில் எப்போதும் மஞ்சள் இஞ்சு டேப் ஒன்று தொங்கும். அதனால் டேப் அக்கா. குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று தெருவில் பலருக்குச் சந்தேகம். கழற்றுவாள். குளித்து முடித்ததும் துண்டைத் தேடுவதற்கு முன்னால் டேப்பைத்தான் தேடுவாள்.

பள்ளிச் சீருடைதான் கடையின் பிழைப்பு. பள்ளி திறப்பதற்கு முந்தைய மூன்று வாரமும் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். முன்னறையில் அக்கா அளவெடுப்பாள். பின்னறையில் அவள் கணவர் துணி வெட்டுவார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அளவு நோட்டு அவரிடம்தான் இருக்கும். இருவருக்கும் நடுவில் நான்கு தையல்காரர்களின் மெஷின்களும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓர் ஓவர்லாக் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் அந்தச் சத்தத்தில் அளவு தவறாகக் கேட்டு, ஒரு குண்டுப் பையனின் சட்டை, அவன் தம்பிக்குக்கூடப் பற்றாத அளவில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அக்கா கத்துவாள், மாஸ்டர் அதையே திருப்பிக் கத்துவார், அக்கா "ஆமா" என்பாள். அதன் பிறகுதான் பேனா நோட்டில் இறங்கும்.

"தோள் பதினாலு!"

"தோள் பதினாலு!"

"ஆமா. இடுப்பு முப்பத்திரண்டு!"

"முப்பத்திரண்டா? போன வருஷம் இருபத்தாறுதானே?"

"லீவுல பையன் சும்மா இருக்கலைங்க, உக்காந்து உழைச்சிருக்கான்!"

வரிசை முழுக்கச் சிரிக்கும். மாட்டிக்கொண்டவன் மட்டும் சுவரில் தொங்கும் பட்டன் அட்டையைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பான்.

வாய் அப்படி என்றாலும், பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. "வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைங்க" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். எத்தனை இஞ்சு துணியை உள்ளே மடித்துவிடுவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். முதலில் காலைப் பார்ப்பாள். வளர்ச்சி நுனியில் தொடங்கி நடுவுக்கு வரும் என்பது அவள் இருபது வருட அனுபவம். செருப்பு பற்றாமல் போகும், பிறகு மணிக்கட்டு சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு கால் நீளும், உடம்பு மெதுவாகப் பின்னால் வந்து சேரும். பெண் பிள்ளைகள் முதலில் கிளம்பிவிடுவார்கள். பையன்கள் ஒன்றிரண்டு வருடம் தூங்கிவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஒரேயடியாக ஓடி வருவார்கள்.

அளவோடு சேர்த்து ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும். கையைத் தூக்கச் சொல்லிவிட்டு மூக்கைச் சுளிப்பாள். "தம்பி, சோப்புன்னு ஒண்ணு இருக்கு. உன் அக்குளுக்கு அதை அறிமுகம் செஞ்சு வை." இன்னொருவனிடம், "அந்தப் பருவை நோண்டாதடா. அது தானா வந்தது, தானா போயிடும். நீ தோண்டினா பள்ளம் மட்டும் தங்கிடும்." எல்லாம் நல்ல விஷயங்கள்தான். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் என்பதுதான் சங்கடம்.

இவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குச் சின்னது என்று பெயர். போன வருடம் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவளையும் அளவெடுக்க வரிசையில்தான் நிற்க வைத்தாள் அக்கா. சொந்த மகள் என்று சலுகை காட்டினால் மற்ற பெற்றோர் முணுமுணுப்பார்கள். சின்னதுக்கு முன்னால் நின்றவன் அவள் வகுப்புப் பையன். மற்ற பையன்களை விட்டுவிட்டுத் தனியாக நெட்டையாகியிருந்தான்.

"கால் முப்பத்தெட்டு! ஏங்க, இது பையன் இல்லைங்க, கொக்கு!"

"மெதுவா சொல்லுங்கக்கா" என்றான் அவன். அந்தச் சொற்றொடர் ஓர் ஆம்பிளைக் குரலில் தொடங்கி, நடுவில் உடைந்து, குழந்தைக் குரலில் முடிந்தது. அப்புறம் சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்? அன்று வைத்த கொக்கு என்ற பெயர் பள்ளி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது சின்னது.

"மார்பு இருபத்தெட்டு!"

"யாருக்கு, நம்ம சின்னதுக்கா? ஒரே வருஷத்துல மூணு இஞ்சா?"

"ஆமா! உங்க பொண்ணு இனிமே சின்னது இல்லைங்க!"

கொக்கு இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். சின்னது தூக்கிய கைகளைச் சட்டென்று இறக்கி மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள். அக்கா பார்க்கவில்லை. அவள் கண் டேப்பில் இருந்தது. டேப்பில் முகம் தெரியாது.

இந்த வருடம் சின்னது வரிசைக்கு வரவே மாட்டேன் என்று கடைசி நாள் வரை இழுத்தடித்தாள். பிடித்து நிறுத்தி அளந்தபோது அக்காவுக்கே குழப்பம். உயரம் மூன்று இஞ்சு கூடியிருந்தது. செருப்பு இரண்டு அளவு ஏறியிருந்தது. மார்பு மட்டும் அதே இருபத்தெட்டு. காலைப் பார்த்துக் கணக்குப் போட்டால் குறைந்தது முப்பத்தொன்று இருக்க வேண்டும்.

"இருபத்தெட்டு!"

"அதேவா?"

"அதேதான். துணி மிச்சம்!" என்று கத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இஞ்சு உள்ளே விடச் சொன்னாள். வெளியே முப்பது பேர் நின்றார்கள். யோசிக்க நேரமில்லை.

வீட்டில் சின்னது கதவைச் சாத்தினால் சுவர் அதிர்ந்தது. தொலைந்துபோன பென்சிலுக்காக அரை மணி நேரம் அழுதாள். வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முதுகை வளைத்து, எதையோ தரையில் தேடுகிறவள் போல நடந்தாள். காலையில் "பசிக்கலை" என்பாள். பள்ளி திறந்த பிறகு மத்தியானச் சாப்பாட்டு டப்பா மட்டும் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வரும். சாப்பிட்டது பக்கத்து இருக்கைத் தோழி. அவள் கன்னம் மட்டும் அந்த மாதத்தில் நன்றாக உப்பியிருந்தது. அக்கா எல்லாவற்றையும் "இந்த வயசுல அப்படித்தான்" என்று சொல்லி முடித்துக்கொண்டாள். எங்கே பிரிந்திருந்தாலும் மேலே ஓர் ஓவர்லாக் ஓட்டி மூடிவிடுவது அவள் தொழில் பழக்கம்.

பள்ளி திறந்த இரண்டாவது மாதம் போன் வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சின்னது மயங்கி விழுந்துவிட்டாள். பள்ளிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கடையைத் தையல்காரர்களிடம் விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அவர் ஒரு காகிதப் பையை அக்காவிடம் நீட்டினார்.

"இதை உள்ளே இறுக்கிப் போட்டிருந்தா. வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு."

அக்கா வெளியே எடுத்துப் பார்த்தாள். மார்பை அழுத்திக் கட்டும் ஒரு பட்டை. சீருடைக்குப் போடும் லைனிங் துணியை நான்காக மடித்து, ஓரத்தில் கடை எலாஸ்டிக், பின்னால் ஆறு கொக்கி. யாரும் இல்லாத நேரத்தில், கடை மெஷினிலேயே சின்னது தைத்திருக்கிறாள். அக்காவின் விரல் தானாகத் தையலின் மேல் ஓடியது.

"ரெட்டைத் தையல். நேரா போட்டிருக்காளே" என்றாள்.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். மாஸ்டர் மெதுவாக அந்தப் பையை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பிறகு மருத்துவர் சின்னதை எடை மெஷினில் ஏற்றினார். அக்காவுக்குப் பழக்கம் விடவில்லை. "எவ்வளவு டாக்டரம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அவங்க அப்பா அங்க நிக்கிறார்."

மருத்துவர் சொல்லவில்லை. ஒரு சீட்டில் எழுதி, சின்னதிடம் காட்டி, கவிழ்த்து வைத்தார். "எண் அவளோடது. அவ விருப்பப்பட்டா சொல்லுவா. குறைவா இருக்குன்றது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சா போதும். ரத்தமும் குறைவு."

சின்னது அந்தக் கவிழ்த்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரும்மா," என்றார் மருத்துவர் அவளிடம், "உன் உடம்புல இப்போ வீடு கட்டுற வேலை நடக்குது. நீ செங்கல் லாரியை வாசல்லயே திருப்பி அனுப்பிட்ட. கொத்தனார் என்ன பண்ணுவார்? ஏற்கெனவே இருக்கிற சுவத்தை இடிச்சு எடுப்பார். எலும்புல இருந்து, ரத்தத்துல இருந்து. பீரியட்ஸ் முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னபின்ன வரும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா சாப்பிடாமலே இருந்தா அதுவும் நின்னுடும். அப்புறம் இந்தப் பட்டை. இறுக்கிக் கட்டினா வளர்றது நிக்காது. மூச்சுதான் நிக்கும்."

ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் முட்டை, பால், பழம். தினம் ஒரு கீரை. ஒன்பது மணி நேரத் தூக்கம். சரியான அளவில் உள்ளாடை. கடைசியாகச் சொன்னதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஊருக்கெல்லாம் அளவெடுப்பவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"ஸ்கூல்ல என் பேர் என்ன தெரியுமாம்மா?"

"என்ன?"

"இருபத்தெட்டு. ஒரு வருஷமா. நான் கணக்குல மார்க் வாங்கினாலும் இருபத்தெட்டு, வாங்கலைன்னாலும் இருபத்தெட்டு."

"எவன் வெச்சது?"

"கொக்கு."

"அந்தக் கொக்கோட காலை ஒடிச்சு அடுப்புல வெக்கல..."

"அவனுக்குக் கொக்குன்னு யாரும்மா வெச்சது?"

மாஸ்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"இருபத்தெட்டைத் தாண்டக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் சின்னது. "தாண்டினா நீ திரும்பக் கத்துவ. அப்பா உள்ளே இருந்து 'முப்பதா?'ன்னு கேப்பார். வருஷத்துக்கு ஒரு பேர் எனக்கு வேணாம்."

அக்கா கழுத்திலிருந்து டேப்பை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். இருபது வருடத்தில் தெருவில் டேப் இல்லாமல் அவள் நடந்தது அன்றுதான். எதிரே வந்த இரண்டு பேருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றாள் வீட்டு வாசலில். வழக்கமான குரலில் சொல்ல வராததால், அது யாருக்கும் கேட்காத மாதிரி இருந்தது. சின்னதுக்குக் கேட்டது.

அதற்காக மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. முட்டை பல நாள் தட்டிலேயே ஆறியது. கதவு தொடர்ந்து அதிர்ந்தது. பள்ளியில் இருபத்தெட்டு அடுத்த பரீட்சை வரைக்கும் உயிரோடு இருந்தது. ஆனால் ஒரு காலையில் சின்னது குளியலறையிலிருந்து வந்து, அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று மருத்துவர் சொன்னதை அவள் மறந்திருந்தாள். செத்துப்போகப் போகிறோம் என்று பயந்துவிட்டாள். "மாத்திரைதான்டி, ஒண்ணுமில்லை" என்று அக்கா அவள் முதுகைத் தட்டினாள்.

"என்னவாம்?" என்றார் மாஸ்டர் பின்னறையிலிருந்து.

நல்ல நகைச்சுவை அது. ஒரு வாரத்துக்கு ஓடும். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைங்க."

அதன்பிறகுதான் முட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிலிருந்து மறையத் தொடங்கியது.

அடுத்த வருடம் முன்னறையில் ஒரு திரை தொங்கியது. உள்ளே அக்கா கிசுகிசுப்பாள், சீட்டில் எழுதுவாள், சீட்டு மடித்துப் பின்னறைக்குப் போகும். வரிசையில் நின்றவர்களுக்கு ஏமாற்றம். "என்னக்கா, கடை லைப்ரரி மாதிரி ஆயிடுச்சு?" என்றார் ஒருவர். அக்காவின் கையெழுத்து வேறு மோசம். முதல் வாரத்திலேயே மூன்று பையன்களின் கால்சட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துவிட்டு ஒருவாறு சமாளித்தார்கள்.

கொக்கு வந்தான். குரல் இப்போது ஒரே குரலாகியிருந்தது. மேலுதட்டில் யாரோ பென்சிலால் கிறுக்கிய மாதிரி மீசை. திரைக்குள் வந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அக்கா கத்தவில்லை.

"உன் பேர் என்னடா?"

சொன்னான். சீட்டின் தலையில் அதை எழுதினாள். போகும்போது அவன் திரையைப் பிடித்தபடி நின்றான். "நான் இப்ப அவளை அப்படிக் கூப்பிடறதில்லைக்கா."

"நிமிந்து நில்லு, கால் அளவு மாறுது" என்றாள் அக்கா, அளந்து முடித்த பிறகும்.

கடைசி நாள், வரிசை கலைந்த பிறகு, சின்னது வந்து கையை நீட்டினாள். அக்கா டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். மகள் தனியாகத் திரைக்குள் போய், தானே அளந்து, தானே எழுதி, நான்காக மடித்து, நேரே அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஊரில் யார் அளவும் தெரிந்தவளுக்கு அந்த ஓர் அளவு தெரியாது. கண்ணால் பார்த்தாலே அரை இஞ்சு பிசகாமல் சொல்லிவிடுவாள். அதனால் வேண்டுமென்றே தரையைப் பார்த்தபடி, ஓவர்லாக் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தரையில் சின்னதின் செருப்பு தெரிந்தது. இன்னும் ஓர் அளவு ஏறியிருந்தது. அக்கா கண்ணை அங்கிருந்தும் எடுத்தாள்.

பின்னறையில் மாஸ்டர் சீட்டைப் பிரித்தார். இருபது வருடப் பழக்கம் யாரை விட்டது?

"மார்பு முப்ப..."

அக்கா பெடலைப் பலமாக மிதித்தாள். துணியே இல்லாமல் மெஷின் கடகடவென்று இரைந்தது. நூல் சிக்கி, ஊசி ஒன்று டப்பென்று முறிந்தது. மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சின்னது சிரித்தாள். குனியாமல், நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மேசையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"உள்ளே ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்கப்பா. வளர்ற பிள்ளை."