மதுரை ரோட்டில் ரெஜினா டீச்சர்

முந்தாநாள் காலை பிரேயர் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது போன் அடித்தது. ரெஜினா டீச்சரின் மகள் ஜெனிட்டா. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். சில மாதங்களாகவே உடம்பு சரியில்லாமல் இருந்தவர்தான். ஆனாலும் அந்தச் செய்திக்கு நான் தயாராக இல்லை.

எங்கள் ஸ்ரீரங்கம் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கு டீச்சர். எடமலைப்பட்டி புதூரில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. சிறு வயதிலேயே போலியோவில் என் இடது கால் போய்விட்டது. பஸ் படியில் ஏறுவது எனக்குப் பெரும்பாடு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. "நம்ம ஸ்கூல்தானே? ஏறுங்க" என்றார். அவர் ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் காரில்தான் நான் காவிரியைத் தாண்டினேன்.

அவர் ஓட்டும் வேகத்தைப் பற்றிப் பள்ளியில் கேலி பேசாதவர்கள் கிடையாது. நாற்பதைத் தாண்ட மாட்டார். பாலத்தில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். கணவர் கார் விபத்தில் இறந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பின் சீட்டில் இருந்த ரெஜினா டீச்சர் மட்டும் பிழைத்தார். அதன் பிறகுதான் அவர் கார் ஓட்டவே கற்றுக்கொண்டார். "பயந்துகிட்டு வீட்டுல உக்காந்துட்டா பொண்ணை யாரு கூட்டிட்டுப் போறது?" என்பார். விபத்தைப் பற்றி ரொம்ப நாள் வரை அவர் பேசிக் கேட்டது அவ்வளவுதான்.

காருக்குப் பதினைந்து வயது முடிந்த வருடம் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு வேனுக்குள் கம்ப்யூட்டர் வைத்துப் பரிசோதனை செய்வார்கள். சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "லிமிட்டுக்கு மேல காட்டுது டீச்சர். பாஸ் ஆகாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற வண்டிப் புகையை வச்சு எடுத்துத் தரட்டுங்களா?" என்றார்.

ரெஜினா டீச்சர் சிரித்துவிட்டார். "கணக்கு டீச்சருக்கே காப்பியடிச்சுக் குடுக்கிறீங்களே தம்பி" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

மெக்கானிக் செல்வராஜ் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார். மறுபடியும் தேறவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்த நேரம். புது வண்டி வாங்கும் நிலையில் அவர் இல்லை. இந்த வண்டி நின்றால் என் வேலை என்னாகும் என்று நான் உள்ளுக்குள் கலங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது செல்வராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வண்டில கோளாறு இல்லீங்க டீச்சர். நீங்க ஓட்டுற ஓட்டம்தான். மெதுவாவே ஓட்டி ஓட்டி உள்ள கரி படிஞ்சு கிடக்கு. ஹைவேல ஒரு மணி நேரம் நல்லா மிதிச்சு ஓட்டுனா எல்லாம் எரிஞ்சு வெளிய போயிரும். சாவியைக் குடுங்க, நானே ஓட்டிட்டு வந்துடறேன்."

டீச்சர் சாவியைக் கொடுத்தார். செல்வராஜ் கதவைத் திறந்து உட்கார்ந்தும்விட்டார். என்ன நினைத்தாரோ, டீச்சர் ஜன்னலருகே போய்க் கையை நீட்டினார். "இறங்குங்க செல்வராஜ். நானே போறேன்." என் பக்கம் திரும்பி, "நீங்க வரீங்களா வைதேகி? எதுவும் பேச வேணாம். பக்கத்துல இருந்தா போதும்" என்றார்.

மதுரை ரோடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவர் வண்டியைத் திருப்பி நான் பார்த்ததில்லை. அன்று திருப்பினார். ஐம்பது. அறுபது. கார் நடுங்கியது. டீச்சர் பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லத் தொடங்கினார். முடிந்ததும் பத்தொன்பது. முகத்தில் வேர்வை வழிந்தது. துடைக்க ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எண்பதைத் தொட்டபோது பின்னால் கரும்புகை கிளம்புவதைக் கண்ணாடியில் பார்த்தேன். விராலிமலை தாண்டியதும் புகை நின்றது. எஞ்சின் சத்தமே மாறிவிட்டது.

துவரங்குறிச்சிக்கு முன்னால் ஓரிடத்தில் வாய்ப்பாடு நின்றது. "இங்கதான்" என்றார். வேகத்தைக் குறைக்கவில்லை.

மருங்காபுரியில் ஒரு டீக்கடை முன் நிறுத்தினார். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

"இந்த ஊருக் கல்யாணத்துக்குத்தான் வந்துட்டிருந்தோம். அவர் நிதானமாத்தான் ஓட்டுனார். முகூர்த்தம் தப்பிரும், வேகமாப் போங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மீதிச் சோடாவைக் குடித்தார். "கிளம்புவோம். எஞ்சின் சூடு ஆறிடும்" என்றார். வந்த அதே வழியில், அதே வேகத்தில் திரும்பினோம்.

நேராகப் பரிசோதனை வேனுக்குப் போனோம். குழாயை விட்டவர் திரையை இரண்டு தடவை பார்த்தார். "பாஸ் டீச்சர்! என்ன செஞ்சீங்க?"

"ஓட்டுனேன்" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் போகும்போது மறுபடியும் நாற்பதுதான். காவிரிப் பாலத்தில் ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் முடியும் சமயத்தில் போன் வரும். "வைதேகி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மருங்காபுரி போயிட்டு வருவோமா?" போவோம். ஒரு முறைகூட அவர் வேர்க்காமல் அந்த ரோட்டில் ஓட்டியதில்லை. ஒரு முறைகூடச் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்ததும் இல்லை. பயம் போன பிறகு வருவதுதான் தைரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நேற்று அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தேன். மதுரை ரோட்டைக் கடக்க வேண்டும். கார்களும் லாரிகளும் பஸ்களும் இடைவெளியே இல்லாமல் பறந்துகொண்டிருந்தன. ஓரமாக நின்று ஓட்டுபவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எதை மனதில் அடக்கிக்கொண்டு ஓட்டுகிறார்களோ, வெளியே நிற்பவருக்கு எங்கே தெரிகிறது? வெகுநேரம் கழித்துத்தான் கடக்க மனம் வந்தது.

போயிட்டு வாங்க டீச்சர்.