இடது மட்கார்டில் ஒரு கண்ணாடி

இது கதையில்லை, நடந்தது. நடுராத்திரியில் நடக்கவில்லை, சுடுகாட்டுப் பக்கமும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், யோங் பெங் ஊருக்குப் போகும் பழைய சாலையில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

ரூபேந்திரன் தம்போய் என்ற ஊர்க்காரர். எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. மூக்குக்கு மேலே கோபம் வரும். மனைவி பிரவீனா அவரோடு சண்டை போட்டுக்கொண்டு யோங் பெங்கிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிவிட்டது. ஒன்பது வயது மகள் லோஷினியும் அங்கேதான். ஞாயிறு மட்டும் பிள்ளை அப்பாவோடு இருக்கலாம். காலையில் கூட்டிப் போய், விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனிதர் மீதி நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

வாராவாரம் வாசலில் நின்று பிரவீனா ஒன்றையே சொல்வாள். "பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் இதோட முடிஞ்சிச்சி. அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்."

அவளுக்குப் புருஷனைவிட அவருடைய காரைத்தான் கண்டால் ஆகாது. அறுபதுகளில் வந்த மாரிஸ் மைனர். குடும்பத்தோடு இருக்க வேண்டிய நேரத்தையெல்லாம் அந்தக் கார்தான் தின்றது என்பது அவள் கட்சி. அதில் பொய்யும் இல்லை.

காரில் ஒரே ஒரு குறை. கதவில் யாரோ பிளாஸ்டிக் சைட் மிரர் மாட்டியிருந்தார்கள். பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி இருந்தது. அந்தக் காலத்து முறைப்படி கண்ணாடி முன் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில், ஒரு குரோமியத் தண்டின் நுனியில் வட்டமாக நிற்க வேண்டும். அதே அச்சில் புதிதாகச் செய்தவை கிடைக்கத்தான் செய்கின்றன. அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் தண்டு நீளம், ஒன்றில் பளபளப்பு அதிகம் என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் சாஆ என்ற ஊர்ப் பக்கம், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையில், அசல் ஜோடி ஒன்று கிடைத்தது. வலது கண்ணாடியில் ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. இடது கண்ணாடி நேற்றுச் செய்தது போல் இருந்தது. அதை அவர் அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

தம்போயில் தங்கராஜு என்ற மெக்கானிக்கிடம் பொருத்தக் கொடுத்தார். தங்கராஜு துடைத்துப் பார்த்தபோது இடது கண்ணாடியில் ஒரு சின்னக் கைத்தடம் தெரிந்தது. குழந்தையின் கை. பெட்ரோல் போட்டுத் துடைத்தார், தின்னர் போட்டுத் துடைத்தார், போகவில்லை. கூடும் தண்டும் இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் வெட்டிப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார்.

"இது வெளிய இல்ல பாஸ். உள்ளேருந்து வெச்ச கை."

"எனக்கு ஒரிஜினல்தான் வேணும். நீங்க ஓட்டை போடுங்க."

மட்கார்டில் ஓட்டை விழுந்தது. மட்கார்டுக் கண்ணாடியை ஓட்டுகிறவரால் எட்ட முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து சொல்ல வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். வலது கண்ணாடி சொன்னபடி நின்றது. இடது கண்ணாடி நிற்கவில்லை. தங்கராஜு கையை எடுத்ததும், மெல்ல... உள்பக்கமாகத் திரும்பியது. சாலையைக் காட்டாமல் பின் சீட்டின் இடது மூலையைக் காட்டியது. நட்டை இறுக்கினார். மறுபடியும் திரும்பியது. தங்கராஜு ஸ்பேனரைக் கீழே வைத்தார். கூலி வேண்டாம், காரை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ரூபேந்திரன் அவரைத் திட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோஷினியை ஏற்றிக்கொண்டார். பிள்ளை எப்போதும் பின் சீட்டில் இடது பக்கம் உட்காருவாள். அன்று உட்கார்ந்த வேகத்தில் நகர்ந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏன் இந்தப் பக்கமே உட்காருகிறாய் என்று கேட்டார்.

"அந்தக் கண்ணாடியில நான் தெரியிறேன்பா. ஆனா நான் சிரிச்சா அது சிரிக்கல."

ரூபேந்திரனுக்குச் சுருக்கென்றது. இது பிள்ளையின் பேச்சில்லை, தாய் சொல்லிக் கொடுத்த பேச்சு என்று நினைத்தார். காரைப் பற்றி இன்னும் என்னவெல்லாம் ஓதி வைத்திருக்கிறாளோ என்று பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா? பேசாம அந்தப் பக்கம் போய் உக்காரு."

லோஷினி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இடது மூலைக்கு நகர்ந்தாள்.

இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. வைப்பர் டக்... டக்... என்று ஓடியது. வலது கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது. இடது கண்ணாடியில் ஒரு துளிகூட இல்லை.

கிரீச்...

அவர் கண் முன்னாலேயே அது இன்னும் உள்ளே திரும்பியது.

கண்ணாடியில் லோஷினி. கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபேந்திரன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் பிள்ளை ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கண்ணாடி. அது அவரைத்தான் பார்த்தது. அந்தப் பார்வையில் அப்படி ஒரு வெறுப்பு.

"அப்..."

பின்னாலிருந்து வந்த குரல் பாதியில் நின்றது. வாயைப் பொத்தினால் வரும் நிசப்தம்.

பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கி ஓரத்தில் நின்றது. மழையில் இறங்கி ஓடிப் பின் கதவைத் திறந்தார்.

லோஷினி இருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாக.

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள். சிரித்தாள்.

அவருக்கு உயிர் வந்தது.

டொக்...

சத்தம் காருக்குள்ளிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது.

டொக்... டொக்...

மட்கார்டு பக்கம் போனார். கண்ணாடியில் லோஷினியின் முகம். இப்போது அதில் வெறுப்பு இல்லை. அழுதுகொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் உள்ளேயிருந்து கண்ணாடியை அடித்தது. வாய் திறந்து திறந்து மூடியது. குரல் மட்டும் வரவில்லை. அப்பா... அப்பா... என்கிற வாயசைவு.

திரும்பிப் பார்த்தார். பிள்ளை சீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள்.

தலைக்கேறியது அவருக்கு. "என் பிள்ளை மாதிரியா வேஷம் போடுற?"

காரிலிருந்த ஸ்பேனரை எடுத்து ஓங்கி அடித்தார். ஒரே அடி.

சில்லு சில்லாகச் சிதறியது. மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் ஓரத்துக் கால்வாய்க்குள் இழுத்துக்கொண்டு போனது. கைத்தடமும் போனது, அழுகையும் போனது.

காருக்குள்ளிருந்து லோஷினி கைதட்டினாள்.

சொன்ன நேரத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார். பிரவீனா கை, கால், முகம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. அடுத்த ஞாயிறும் நமக்குத்தான் என்ற நிம்மதியோடு ரூபேந்திரன் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை பிரவீனாவின் போன் வந்தது. எப்போதும் கத்துகிறவள் அன்று கத்தவில்லை. பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் மெதுவாகப் பேசினாள்.

பள்ளிக்கூடச் சட்டை போட்டுவிடும்போது பார்த்தாளாம். இங்கே பிறந்த பிள்ளைக்கு இடது தோளில் தடுப்பூசி போடுவார்கள், தழும்பு ஆயுசுக்கும் இருக்கும். லோஷினியின் தழும்பு அவரும் பார்த்ததுதான். குளிப்பாட்டிய தாய்க்குச் சொல்லவா வேண்டும்?

இடது தோளில் ஒன்றுமே இல்லை.

தழும்பு வலது தோளில் இருக்கிறது.

"நேத்து என் பிள்ளைய எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் பிரவீனா.

விடவில்லை, உடைத்தேன் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?